ஒற்று

கண்ணை மூடியே வைத்திருங்கள், நடுவில் திறந்து பார்க்க வேண்டாம், நீர் வழிந்தால் தேய்க்காமல் பஞ்சால் ஒற்றி எடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது "ஒத்தி எடுங்க சார்" என்றுதான். எனக்குத்தான் அது ஒற்றி என்று கேட்டது. ஒன்றரை வருடமாக அந்தச் சொல் எந்த உருவத்தில் வந்தாலும் எனக்கு வேணியின் இணையதளம்தான் ஞாபகம் வருகிறது, அதன் பெயர் ஒற்று. புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒற்று என்று பெயர், வேவு பார்ப்பதற்கும் ஒற்று என்று பெயர், கண்ணீரைத் துணியால் தொட்டு எடுப்பதும் ஒற்றுவதுதான், மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல் நாள் எழுதியிருந்தாள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்கிறேன், அப்போது அப்படித் தெரியவில்லை. மருந்து எரிகிறது. மூடிய இமைக்குள் ஒரு மஞ்சள் வட்டம் மெதுவாக நகர்ந்து மூக்குப் பக்கம் போய்க் கரைகிறது. "மணி என்ன?" என்று கேட்டேன். "பத்து அஞ்சு" என்றாள் வேணி, இடது பக்கத்து நாற்காலியிலிருந்து. "இப்பத்தான உக்காந்தோம். என்ன, பஸ்ஸப் புடிக்கணுமா?" பஸ் இல்லை. பதினொன்று பத்துக்கு நான் அவளுடைய பக்கத்தைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் அவள் எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுவாள். நேற்றைய பதிவின் கடைசி வரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள், எனக்கு அல்ல, கோயம்புத்தூர்க்காரருக்கு. கோயம்புத்தூர்க்காரர் என்று யாரும் இல்லை. அது நான்தான்.

என் மனைவி அம்சவேணி முப்பது வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவள். பள்ளிக்கூடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், எது அச்சுக்குப் போனாலும் அவளுடைய சிவப்புப் பென்சிலைத் தாண்டித்தான் போகும். அந்த நாட்களில் அவளோடு பஸ்ஸில் போவது ஒரு தொல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழிநெடுக வாசித்துக்கொண்டே வருவாள். "மருந்துக் கடைக்கு ஒரு க் போட்டா என்னவாம், தேஞ்சா போயிடும்? அங்க பாருங்க, பழச்சாறுக்குச் சின்ன ர போட்டு வச்சிருக்கான், யாரு குடிப்பா?" நான் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் ம் என்பேன். எத்தனை ஆயிரம் ம் சொல்லியிருப்பேன். அதை யாராவது எண்ணியிருந்தால். இரண்டு வருடத்துக்கு முன்னால் அச்சகத்தை மூடினார்கள். கடைசி நாள் அவள் பாதி தேய்ந்த சிவப்புப் பென்சிலும் ஓர் எவர்சில்வர் டம்ளரும் கொண்டுவந்தாள். அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி எங்கள் கே.கே. நகரில் இறங்கும் வரை ஒரு போர்டைக்கூட வாசிக்கவில்லை. ஒருநாள் நான் வேண்டுமென்றே, "அங்க பாரு, தப்பாப் போட்டிருக்கான்" என்று ஒரு கடையைக் காட்டினேன். தலையைத் தூக்காமல் "இருக்கட்டும்" என்றாள். அந்த இருக்கட்டும்தான் என்னைப் பயமுறுத்தியது. ஏழு மாதம் எங்கள் வீட்டில் குக்கர் விசிலும் தொலைக்காட்சியும்தான் பேசின. பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டால் "நல்லாருக்கேன், நீ சாப்ட்டியா" என்று சொல்லிவிட்டு என்னிடம் போனை நீட்டிவிடுவாள். திரும்ப அந்த ஏழு மாதம் வரக்கூடாது. இந்தக் கண் போனாலும் போகட்டும், அது வரக்கூடாது. அப்படியெல்லாம் சொல்லக்கூடாது, பக்கத்து அறையில் விழித்திரையைப் பார்க்கிற டாக்டர் உட்கார்ந்திருக்கிறார், சர்க்கரை பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, போன வாரம் இடது கண்ணில் ஒரு தூசி மிதந்தது, அது தூசி இல்லை என்று எனக்குத் தெரியும். அதை நினைக்க வேண்டாம். பதினொன்று பத்தை நினைப்போம்.

இலவசமாகவே ஓர் இணையதளம் தொடங்கலாம் என்று நான்தான் சொன்னேன். தினமும் பார்க்கிற ஒரு பிழையை எழுது, அதிலிருந்து எங்கே போகிறதோ போகட்டும் என்றேன். "எழுதுறேன். யாரு படிக்கப்போறா?" என்றாள். நான் எண்ணிச் சொல்கிறேன் என்றேன். எண்ணுவது என் தொழில். நெடுஞ்சாலைத் துறையில் நான் முதலில் சேர்ந்தது வாகனக் கணக்கெடுப்புக்கு. பாடாலூர் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் மடக்கு நாற்காலி, அட்டையில் செருகிய தாள், லாரிக்கு ஒரு கோடு, பஸ்ஸுக்கு ஒரு கோடு, சைக்கிளுக்கு ஒரு கோடு, நாலு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஓவர்சியர் சவரிமுத்து தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒன் சைக்கிள் எத்தன?" என்று கேட்டார். "நாலு சார்" என்றேன், ஒளிக்கத் தெரியாத வயது. டீ குடிக்கப் போனது, வந்தது, சாப்பிடப் போனது, வந்தது. அவர் சிரிக்கவில்லை. "எண்றவன் ரோட்டுல இல்ல தம்பி. ரோட்டுல இருக்கறவன் எண்ணக்கூடாது" என்று சொல்லி நாலு கோட்டையும் தானே அடித்தார். அதனால்தான், வேணியின் தளத்துக்கு வருகிறவர்களை எண்ணுவதற்கு ஓர் இலவசக் கருவி இருக்கிறது என்று தெரிந்து, காணொளியில் ஒருவர் சொன்னபடி நாலைந்து வரியை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டிய அன்றைக்கே, முதல் வேலையாக எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து வருவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அமைத்தேன். சவரிமுத்து இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். வேணியின் போனிலும் அந்தக் கருவியைப் போட்டுக் கொடுத்தேன். இந்த நிமிடத்தில் உள்ளே எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை நிமிடம் இருந்தார்கள், எல்லாம் காட்டும். ஒன்பது நாள் சைபர் காட்டியது. சமைத்துக்கொண்டே பார்ப்பாள், கரண்டியோடு வந்து பார்ப்பாள். ஒன்பது நாள் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் அலுவலகத்தில், டீ வருகிற பதினொன்று பத்துக்கு, பெரிய திரையில் எழுத்து எப்படித் தெரிகிறது பார்க்கலாம் என்று திறந்தேன். அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். படித்தேன், மூடினேன், மறந்தேன். சாயங்காலம் வண்டியை நிறுத்தக்கூட விடவில்லை, வாசலிலேயே நின்றாள். "என்னங்க, ஒருத்தர் வந்திருக்காரு! ஏழு நிமிஷம் இருந்திருக்காரு! கோயம்புத்தூரு!" எங்கள் அலுவலக இணைப்பு எங்கெங்கோ சுற்றி வருவதால் வரைபடத்தில் புள்ளி கோயம்புத்தூரில் விழுந்திருக்கிறது. அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நினைத்துப் பார்க்கிறேன், வாயைத் திறந்தது நிச்சயம். அந்த நேரத்தில் அவள் திரும்பிச் சுவரைப் பார்த்து, "இத்தன நாளாப் பாக்கவேயில்ல பாருங்க, இந்தக் காலண்டர்ல ஆரம்பத்துக்குப் பெரிய ற போட்டிருக்கான்" என்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு. வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் பதினொன்று பத்துக்கு டீயோடு மறுபடியும் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். அதிலிருந்து ஒரு வேலைநாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொத்தமல்லி வாங்கிவருகிறேன் என்று கிளம்பி, சந்தை மூலையில் நின்று போனில் திறப்பேன், போனில் திறந்தால் புள்ளி சென்னையில் விழும். "கோயம்புத்தூர்க்காரரு ஞாயிறானா மெட்ராஸ் போயிடறாரு, மக வீடு இருக்கும்போல" என்பாள். "இருக்கும்" என்பேன்.

வேறு யாருமே வரவில்லை என்று சொல்லக்கூடாது. நான் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியில் வருகிறவர்கள் எட்டு விநாடியில் போய்விடுகிறார்கள் என்று கருவி காட்டியது, எழுத்தைப் பெரிதாக்கினேன். படங்கள் பெரிதாக இருந்ததால் பக்கம் திறக்கத் தாமதமானது, சுருக்கினேன். மயக்கம் என்று அவள் வைத்திருந்த தலைப்பை ல, ள, ழ எங்கே எது வரும் என்று மாற்றச் சொன்னேன், இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு மாற்றினாள். மாதம் நாற்பது பேர் வர ஆரம்பித்தார்கள், முக்கால்வாசி அரசுத் தேர்வு எழுதுகிறவர்கள், விதியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்று காட்டுகிற இன்னொரு கருவியில் ஒருநாள் பார்த்தால், இடுப்பு வலி, முழங்கால் வலி, குதிகால் வலி. எங்கே சேரும் க், ச், த், ப் என்று அவள் எழுதிய பக்கத்துக்கு வலி மிகும் இடங்கள் என்று இலக்கணப் பெயரையே வைத்திருந்தாள். "பாவங்க, யாரோ முட்டியப் புடிச்சுக்கிட்டு வந்து பாத்திருக்காங்க" என்று சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், அந்தப் பக்கத்தின் அடியில் குதிகாலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும் என்று ஒரு வரி சேர்த்தாள். தளத்திலேயே ஒரு தேடுபெட்டி வைத்தேன். வருகிறவர்கள் அதில் என்ன தட்டுகிறார்கள் என்பதும் தெரியும், அந்தப் பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை நானே அதில் தேடினேன், பஜ்ஜிக் கடை போர்டைப் பற்றி அவள் எழுதிய பழைய பதிவு ஒன்றை. மூன்று தடவை தட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்தது. கருவி சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

"அறவாளி சார், அடுத்த சொட்டு" என்று நர்ஸ் பெண்ணின் குரல். "அறவாழி" என்றாள் வேணி உடனே. "அதான்க்கா, அறவாளி." வேணி மூச்சை இழுத்து விட்டது கேட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் அந்த எழுத்து நாக்கில் வராது, கையிலும் வராது, என் பெயரில் மட்டும் பழக்கத்தில் சரியாக விழுந்துவிடும். இரண்டாம் சொட்டு அவ்வளவு எரியவில்லை. "மணி?" "பத்து முப்பத்தஞ்சு. டாக்டரு ஒம்பதரைக்கே பாத்துடுவாருன்னு சொன்னாங்க, இங்க மருந்தே பத்து மணிக்குத்தான் விட்டாங்க." அதுதான் என் கணக்கும். ஒன்பதரைக்கு முடிந்தால் பத்தரைக்கு அவளை வீட்டில் விட்டுவிட்டு, அரை நாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, அலுவலகத்தில் திறந்துவிடலாம். இந்தத் தேதியை வாங்கியவள் அவள். நானாக இருந்தால் சனிக்கிழமை சாயங்காலம் வாங்கியிருப்பேன். ஏன் இந்தத் தேதி? அவளுக்கு என்ன தெரியும், கிடைத்த தேதியை வாங்கியிருப்பாள். நேற்றைய வரியை மறுபடி மறுபடி நினைக்கிறேன். தினமும் பதினொன்று பத்துக்கு வருபவர் நாளையும் வந்தால் தொடர்கிறேன், வராவிட்டால் இந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்றிருக்கிறேன். ஏன் நாளை? இத்தனை நாள் இல்லாத நாளை ஏன்?

அவருக்கு அவள் எழுதியதெல்லாம் கொஞ்சமா. அவருக்கு என்கிறேன், பார்த்தாயா, எனக்கே அவர் இன்னொருவர் ஆகிவிட்டார். பதிவின் அடியில் தனியாக இரண்டு வரி எழுத ஆரம்பித்தாள், பதினொன்று பத்துக்கு வருபவருக்கு என்று. அப்புறம் அந்த இரண்டு வரி பத்து வரியாயிற்று. அச்சகத்தில், ஒரு சொல்லைப் பிழை என்று பென்சிலால் அடித்துவிட்டோம், அது சரிதான் என்று பிறகு தெரிந்தால், அழிக்க முடியாது, அந்தச் சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் இருக்கட்டும் என்று எழுதுவோம் என்று அவருக்குச் சொன்னாள். இருபத்தெட்டு வருடம் கூடவே இருந்த எனக்கு அது தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் கண்ணின் படத்துக்குக் கீழே கருவிழி என்பதைக் கறுவிழி என்று விட்டுவிட்டதை, நாற்பதாயிரம் பிரதி அப்படியே போய்விட்டதை, அன்றைக்கு வீட்டுக்கு வராமல் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்ததை அவருக்குச் சொன்னாள். எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. பஸ் கிடைக்கவில்லை என்றாள். ரசம் ஆறிப்போய்விட்டது என்று நான் சொன்னேன், அதுதான் நான் சொன்னது, ரசம். அதைப் படித்த அன்று அலுவலகத்தில் டீயில் ஆடை படிந்துவிட்டது. எவனோ ஒரு கோயம்புத்தூர்க்காரனிடம் சொல்கிறாளே, என்னிடம் சொல்லவில்லையே என்று ஓர் ஆத்திரம் வந்தது, அவனை எங்கேயாவது பார்த்தால் சட்டையைப் பிடிக்கலாம் போல. பிடித்தால் என் சட்டைதான். போன ஆவணியில் இன்னொன்று எழுதினாள். எங்கள் வீட்டில் ஒருநாள்கூட என்னிடம், இன்றைக்கு என்ன பிழை பார்த்தாய் என்று யாரும் கேட்டதில்லை என்று. அந்த யாரும் நான் ஒருவன்தான். இரண்டு நாள் பொறுத்து, சந்தேகம் வராதபடி, சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டேன், "இன்னிக்கி என்ன தப்பு பாத்த?" அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பால் பாக்கெட்ல ஒண்ணு" என்றாள். பிறகு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், நான் கேட்கவில்லை.

நான் செய்தது என்ன என்று யோசிக்கிறேன். அவளுக்காகச் செய்தேனா, பார்ப்பது எனக்கே பழகிவிட்டதா. பூட்டிய வீட்டின் ஜன்னல் வழியாகத் தன் வீட்டையே எட்டிப்பார்க்கிறவன் போல. ஒருநாள், ஒரே ஒருநாள், அவளிடம் நேராகப் போய், நீ எழுதியதைப் படித்தேன், நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். எது தடுத்தது? நான் சொன்னால் அது கணக்கில் வராது என்று நினைத்தேன். வீட்டுக்காரன் படிப்பது ஒரு படிப்பா, அது கடமைக்கு. வீட்டிலிருந்து வருவதை எண்ண வேண்டாம் என்று கருவியில் அமைத்தது நான், வேணி அப்படி எதையும் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிறவனை அவள் எண்ணமாட்டாள் என்று நானே முடிவு செய்து, அவள் பெயரில் அமைத்துவிட்டேனோ? சவரிமுத்து சார், ரோட்டுக்குச் சரி. வீட்டுக்கு? கன்னத்தில் நீர் வழிகிறது. மருந்து. ஒற்றி எடுத்தேன்.

"மணி?" "பத்து அம்பது. ஏங்க, என்ன வேணும் ஒங்களுக்கு?" "பாத்ரூம்." "இருங்க, நான் வரேன்." "நீ எதுக்கு, நான் சின்னப் புள்ளையா?" "கண்ணத் தொறந்தா வெள்ளையாத்தான் தெரியும். போன வாட்டி ஒருத்தர் பொம்பளைங்க பக்கம் போயி நின்னாராம்" என்று எழுந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் இன்னும் காலையில் அரிந்த வெங்காய வாசனை இருந்தது. பத்துப் பன்னிரண்டு அடி, இடது பக்கம் திரும்பி, இன்னும் நாலு அடி. கதவை மூடித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே அவளுடைய செருப்பு அங்கேயே நிற்கிறது, அசைவதே இல்லை. போனை எடுத்துக் கண்ணைத் திறந்தேன். உலகம் பாலில் விழுந்திருந்தது. போன் ஒரு வெள்ளைப் பலகை, அதில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எறும்புக் கூட்டம் மாதிரி ஏதோ. கையை நீட்டித் தூரமாக வைத்தேன், மூக்குக்கு அருகில் வைத்தேன். இரண்டாம் வரிசையில் மூன்றாவது, வழக்கமாகக் கட்டைவிரல் போகிற இடம், அழுத்தினேன். டார்ச் எரிந்தது. விரிந்த கண்மணிக்குள் நேராக ஒரு சூரியனை வைத்தது போல, அம்மா என்று கத்திவிட்டேன். "என்னங்க! விழுந்துட்டீங்களா?" "இல்ல, இல்ல." "கதவத் தொறங்க." "ஒண்ணுமில்ல வேணி, இடிச்சுக்கிட்டேன்." டார்ச்சை அணைக்கத் தெரியாமல் அப்படியே சட்டைப்பைக்குள் போட்டேன், அது பைக்குள்ளிருந்து துணி வழியாக எரிந்தது, மார்பில் விளக்கு வைத்த மாதிரி. கையால் பொத்திக்கொண்டு, வராத சிறுநீருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். அவள் மறுபடி முழங்கையைப் பிடித்தாள். நாலு அடி, வலது பக்கம், பத்துப் பன்னிரண்டு அடி. நடுவில் என் பைக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ தொட்டாள், மார்பில் எரிந்தது அணைந்தது.

உட்கார்ந்தோம். யாருக்கோ சொட்டு விடுகிறார்கள், யாரோ "இன்னும் எவ்ளோ நேரம்மா" என்கிறார்கள். திரும்ப அந்த வீடு. திரும்ப மடியைப் பார்த்துக்கொண்டு வருகிற வேணி. சொல்லிவிட்டால்? சொன்னாலும் அதே வீடுதான். ஒன்றரை வருடமாக ஏமாற்றியிருக்கிறீர்கள் என்பாள், ஒருத்தருமே வரவில்லை, ஒருத்தர்கூட என்பாள். சொல்லாமல் இருந்தால் அவளுக்கு அந்த ஒருத்தராவது மிஞ்சுவார், ஒருநாள் வராமல் போனவராக, உடம்பு சரியில்லாமல் போனவராக, அல்லது செத்துப்போனவராக. பாவம், அந்த மனுஷனுக்கு என்ன ஆச்சோ என்று அவள் நினைப்பாள். அவருக்காக ஒரு நாள் துக்கம்கூடப் படுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ம் என்பேன். அது முடியாது. அந்த ம் எனக்கு வராது. இவ்வளவு யோசித்து இதுதான் நிச்சயமாகத் தெரிந்தது, இன்னொரு ம் என்னால் முடியாது. "வேணி." "ம்." "மணி?" "பதினொண்ணு எட்டு." அவளுடைய போன் மடியில் இருக்கிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், வளையல் சத்தத்தில் தெரிகிறது. "இன்னிக்கி அவரு வர மாட்டாரு" என்றேன். "யாரு?" "கோயம்புத்தூர்க்காரரு." நாற்காலி கிறீச்சிட்டது. "ஏனாம்?" என்று கேட்டாள். "அவருக்குக் கண்ணுல மருந்து விட்டிருக்காங்க."

மின்விசிறி சுற்றியது. பக்கத்து வரிசையில் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது. பிறகு என் சட்டைப்பையில் இரண்டு விரல் நுழைந்து போனை எடுத்தது, என் வலது கையை இழுத்து, கட்டைவிரலைப் பிடித்து, போன் கண்ணாடியில் வைத்து அழுத்தியது. "இதுக்குப் போயி பாத்ரூம்ல டார்ச் அடிச்சுக்கிட்டு" என்றாள். "கதவுக்கு அடியில வெளிச்சம் வருது, இவரு இடிச்சுக்கிட்டாராம்." "ஒனக்குத் தெரியுமா?" "போன ஆவணியிலேர்ந்து." "எப்படி? ஏழு நிமிஷத்த வச்சா?" "ஏழு நிமிஷம் யாரு வேணாலும் படிக்கலாம். நீங்க கொத்தமல்லி வாங்கப் போற நேரத்துக்கு அவரு மெட்ராஸ்லேர்ந்து வந்தாரு, சரி, அதையும் விட்டேன். தேடுபெட்டியில என்னான்னு தட்டுனீங்க?" நான் கையிலிருந்த பஞ்சை உருட்டினேன். "வாளைக்காய். மூணு தடவ. மெய்ப்பு பாக்குறவ எடத்துல வந்து, வாழைக்காய்க்கு இந்த ள போட்டுத் தேடறதுக்கு, இந்த ஒலகத்துல ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு." அவள் குரலில் சிரிப்பா, வேறு எதுவுமா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. கண்ணைத் திறக்கப் போனேன். "தொறக்காதீங்க" என்றாள். "அப்ப நேத்து எழுதினது?" "இந்தத் தேதியப் பாத்துத்தான் எழுதுனேன்." "நான் இன்னிக்கிச் சொல்லாம இருந்திருந்தா?" "நிறுத்தியிருப்பேன்." "நெசமாவா?" "நெசமாத்தான்" என்றாள், சிரிப்பு இல்லை இப்போது. "எத்தன நாளைக்குங்க கோயம்புத்தூருக்கே எழுதிக்கிட்டிருக்கறது?"

மடியில் அவளுடைய போன் மெதுவாக ஓர் ஒலி எழுப்பியது போலிருந்தது, இல்லை, அது வளையல். "வந்தாச்சு" என்றாள். "ஒண்ணு. மெட்ராஸ்." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காலையில் கிளம்பும் முன் அவள் எழுதிப் போட்டதை, பதினொன்று பத்துக்கு நான் படிக்க வேண்டியிருந்ததை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், பஸ்ஸில் போர்டு வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். "தலைப்பு, வாளை. வாளை என்பது ஒரு மீன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர் ஒரு கடிதம் எழுதினார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு வாளை மரங்கள் இருக்கின்றன, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன் என்று அதில் இருந்தது. மீன் காய்க்கிற நான்கு மரங்களை நினைத்து அன்று முழுவதும் சிரித்தேன். பிறகு பழக்கதோஷத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அடித்த பிறகு மனசு கேட்கவில்லை." அங்கே நிறுத்தினாள். "அப்பறம்?" என்றேன். என் கையைத் திருப்பி உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தாள். விரல் நகத்தால் ஒரு புள்ளி வைத்தாள். அதற்குப் பக்கத்தில் வரிசையாக இன்னொன்று. பழக்கம், எண்ண ஆரம்பித்துவிட்டேன். மூன்று. நாலு. ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பாள் என்று கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அதுவும் புள்ளியாகவே விழுந்தது.